சி.டி. ஸ்கேனிலிருந்து பெரிய ஊனுண்ணி டைனோசாரின் மூளைக்குழியையும் உட்செவியையும் உருவாக்குவது எப்படி? புதியவர்களுக்கான படிப்படியான வழிகாட்டி

டைரனோசாரஸ், அல்லோசாரஸ், அக்ரோகாந்தோசாரஸ் போன்ற பெரிய ஊனுண்ணி டைனோசார்களின் மூளையைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அந்த மூளை இருந்த எலும்புக் குழியிலிருந்து வந்தது. சி.டி. ஸ்கேன் வெட்டுப்படங்களைக் கொண்டு அக்குழியின் உட்பரப்பைக் கணினியில் முப்பரிமாணமாக எடுத்தால் கிடைக்கும் உருவத்தை உள்வார்ப்பு என்கிறோம். உட்செவியையும் இதே முறையில் எடுக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளின் வழிமுறைப் பகுதி இவ்வேலையை இரண்டு மூன்று வரிகளில் சொல்லி முடித்துவிடும். அந்த வரிகளுக்குள் எவ்வளவு வேலை அடங்கியிருக்கிறது என்பதைத் தடுமாறித் தடுமாறித்தான் நான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்தத் தடுமாற்றம் குறைய வேண்டும் என்பதற்காக, எந்த ஆவணம் வேண்டும், எங்கே செலவாகும், எதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பவற்றோடு வேலையின் வரிசையை இங்கே தருகிறேன்.

தொடங்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகமோ விரிதாளோ திறந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உள்வார்ப்பின் எந்த விளிம்பை எலும்பே காட்டியது, எந்த விளிம்பை நீங்கள் ஊகித்து வரைந்தீர்கள் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அதில் குறித்து வர வேண்டும். இந்தக் குறிப்பு இல்லாத உள்வார்ப்பு பார்க்க அழகாக இருந்தாலும், பிறர் அதை நம்பி எதையும் அளக்க முடியாது.

1. முதலில் முதலையிலும் பறவையிலும் கை பழகுங்கள்

டைரனோசாரஸின் கோப்பை முதல் நாளே திறக்க வேண்டாம். டைனோசார்களுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவினர்கள் முதலைகளும் பறவைகளும்தான். அவற்றில் மூளை எங்கே முடிகிறது, எந்த நரம்பு எந்தத் துளை வழியாக வெளியேறுகிறது என்பதை உடற்கூறு படங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஓர் அமெரிக்க அலிகேட்டர் மண்டையோட்டையும் ஒரு கோழி அல்லது வாத்தின் மண்டையோட்டையும் எடுத்து, இரண்டிலும் மூளைக்குழியையும் ஒரு பக்க உட்செவியையும் முழுமையாகச் செய்து முடியுங்கள். மாலை நேரங்களில் மட்டும் உட்கார்ந்தால் இதற்கு மூன்று நான்கு வாரங்கள் ஆகலாம்.

அலிகேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நன்கு வளர்ந்த விலங்கின் மண்டையோடாகப் பாருங்கள். குட்டியில் மூளை குழியைப் பெருமளவு நிறைத்திருக்கும். உடல் வளர வளர குழி பெரிதாகிக்கொண்டே போக, மூளை அதில் சிறு பகுதியாகிவிடும், மிச்ச இடத்தை மூளை உறைகளும் சிரைக் குடாக்களும் (சிரை இரத்தம் ஓடும் அகன்ற வழிகள்) நிறைக்கும். பறவையில் நிலைமை வேறு, வளர்ந்த பிறகும் மூளை குழியை ஏறத்தாழ நிறைத்தே இருக்கும். பெரிய ஊனுண்ணி டைனோசார்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன, பல வகைகளில் முதலையின் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. இந்த ஒரு வேறுபாடு கண்ணுக்குப் பழகிவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

2. மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

புகழ் பெற்ற மாதிரி என்பதற்காக எதையும் எடுக்காதீர்கள், ஸ்கேனின் தரத்தைப் பார்த்து எடுங்கள். சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் உள்ள, 'சூ' என்று அழைக்கப்படும் டைரனோசாரஸின் மண்டையோடு ஏறக்குறைய 1.5 மீட்டர் நீளமுடையது. மருத்துவமனை ஸ்கேனரின் வளையத்துக்குள் அது நுழையாது என்பதால், கலிபோர்னியாவில் விண்வெளி எந்திரப் பாகங்களைச் சோதிக்கும் தொழிற்சாலை ஸ்கேனரில் அதைப் படமெடுத்தார்கள். உடைந்து தனியாகக் கிடைத்த மூளைப்பெட்டிகள் (மூளையைச் சூழ்ந்த எலும்புத் தொகுதிகள்) காட்சிக்கு அழகாக இருக்காது, ஆனால் ஸ்கேன் வளையத்தின் நடுவில் பொருந்தும், கதிர் கடக்க வேண்டிய எலும்பின் தடிமனும் குறைவு. தொடக்கநிலையாளருக்கு அவையே நல்லவை.

மூன்று செய்திகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஸ்கேன் எடுத்தபோது பயன்படுத்திய மின்னழுத்தம். மருத்துவ ஸ்கேனர் பெரும்பாலும் 140 கிலோவோல்ட்டுக்கு மேல் போகாது. தொழிற்சாலை ஸ்கேனர்கள் 225 முதல் 450 கிலோவோல்ட் வரை தருவதால், கனிமம் ஏறிக் கனத்த எலும்பையும் தெளிவாக ஊடுருவும். இரண்டாவது, வாக்செல் அளவு, அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கனப் புள்ளியின் அளவு. உட்செவியில் சமநிலையை உணரும் ஓர் அரைவட்டக் குழலின் குறுக்கே குறைந்தது ஐந்தாறு வாக்செல்களாவது விழாவிட்டால் அந்தக் குழலை அளப்பதில் பொருளில்லை. மூன்றாவது, குழிக்குள் என்ன இருக்கிறது என்பது. குழி காலியாகவோ எலும்பினின்று நிறம் வேறுபடும் மணற்கல்லாலோ நிறைந்திருந்தால் வேலை சீராக நடக்கும். இரும்புக் கனிமங்கள் படிந்திருந்தால் படத்தில் வெண்கதிர்கள் கோடுகோடாகச் சிதறி விளிம்புகளை மறைத்துவிடும், எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

3. தரவுக்கான அனுமதியும் ஆவணங்களும்

மூலத் தரவுக்கு முதலில் தேட வேண்டிய இடம் மார்ஃபோசோர்ஸ். டியூக் பல்கலைக்கழகம் பராமரிக்கும் இந்தக் களஞ்சியத்தில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. சில கோப்புகளை உடனே பதிவிறக்கலாம். வேறு சிலவற்றுக்கு, தரவுக்குப் பொறுப்பானவரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டிஜிமார்ஃப் தளமும் கண் பழகுவதற்கு அருமையானது, ஆனால் அங்கே காண்பவற்றில் பெரும்பாலானவை சுருக்கப்பட்ட அசைபடங்கள். அளவெடுக்க மூல வெட்டுப்படங்கள்தான் வேண்டும்.

அனுமதி கேட்கும் முன் கீழ்க்கண்டவற்றை ஒரே கோப்புறையில் தயாராக வைத்திருங்கள். என்ன கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், எந்தப் பகுதியை மட்டும் பயன்படுத்துவீர்கள், முடிவை எங்கே வெளியிடுவீர்கள் என்று ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதிய குறிப்பு முதலில் வேண்டும். மாணவர் என்றால் வழிகாட்டும் பேராசிரியரின் ஒப்புதல் கடிதமும் நிறுவன மின்னஞ்சலும் வேண்டும். நிறுவனம் சாராதவர் என்றால் முன்பு செய்த அலிகேட்டர் உள்வார்ப்பின் படத்தை இணையுங்கள், வெறும் ஆர்வத்தைச் சொல்வதைவிட அது வலுவாகப் பேசும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் எண்ணும் இலவசமாகவே கிடைக்கும், பெற்றுக்கொள்ளுங்கள். பதில் சில நாட்களிலும் வரலாம், இரண்டு மாதமும் ஆகலாம். ஆகவே முதல் படியில் சொன்ன பயிற்சியைத் தொடங்கும் அன்றே விண்ணப்பத்தையும் அனுப்பிவிடுவது நல்லது.

பலரும் வழுக்கும் இடம் உரிமம். ஒரு கோப்பைப் பதிவிறக்க முடிகிறது என்பதாலேயே அதிலிருந்து செய்த உருவத்தைப் பிறருக்குத் தரவோ, முப்பரிமாண அச்செடுத்து விற்கவோ உரிமை வந்துவிடாது. வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும், மறுபகிர்வு கூடாது, வெளியீட்டுக்கு முன் அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் கோப்புக்குக் கோப்பு மாறும். பதிவிறக்கிய அன்றே உரிமப் பக்கத்தையும், மாதிரி எண்ணையும், கோப்பின் நிலையான அடையாள எண்ணையும் சேமித்து வையுங்கள்.

4. கணினியும் மென்பொருளும் செலவும்

மென்பொருளுக்கு நீங்கள் ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை. 3டி ஸ்லைசர் இலவசம், திறந்த மூலம். அதோடு ஸ்லைசர்மார்ஃப் என்ற நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் உடற்கூறு வேலைக்குத் தேவையானவை ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். பரப்பைச் சுத்தம் செய்ய மெஷ்லேப் போதும். அவிசோ, மிமிக்ஸ், வி.ஜி. ஸ்டூடியோ மேக்ஸ் போன்ற கட்டண மென்பொருள்களை ஆய்வகங்களில் பார்ப்பீர்கள். அவை வேகமானவைதான், ஆனால் தொடக்கநிலையாளரின் பிழைகள் மென்பொருளால் வருவதில்லை என்பதால், உரிமத்துக்குப் பணம் திரட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

செலவு விழும் இடம் நினைவகம். 1000 × 1000 அளவுள்ள 1500 வெட்டுப்படங்கள், 16 பிட் ஆழத்தில், 3 ஜி.பி. இடம் பிடிக்கும். ஏற்றும் தரவைப் போல் பத்து மடங்கு நினைவகம் இருப்பது நல்லது என்பது ஸ்லைசரின் பொதுவான அறிவுரை, அதன்படி இதற்கே 32 ஜி.பி. வேண்டியிருக்கிறது. அவ்வளவு இல்லாதவர்கள் முழு மண்டையோட்டையும் ஏற்ற வேண்டாம். ஒருமுறை தெளிவைப் பாதியாகக் குறைத்துத் திறந்து, மூளைப்பெட்டி இருக்கும் பகுதியை அடையாளம் கண்டு, பிறகு அந்தப் பகுதியை மட்டும் முழுத் தெளிவில் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று திசைகளிலும் தெளிவைப் பாதியாக்கினால் கோப்பு எட்டில் ஒன்றாகச் சுருங்கும். தனியாக ஒரு வெளி வன்தட்டு வாங்கி, மூலத் தரவை அதில் வைத்து, அதன்மேல் ஒருபோதும் எழுதாதீர்கள்.

5. கோப்பைத் திறந்தவுடன் சரிபார்க்க வேண்டியவை

மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவக் கோப்புகளில் வாக்செல் அளவு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிஃப் வடிவ வெட்டுப்படங்களில் பெரும்பாலும் இருக்காது, உடன் வரும் குறிப்புக் கோப்பைப் பார்த்து நீங்களே உள்ளிட வேண்டும். உள்ளிடாமல் விட்டால் மென்பொருள் ஒரு வாக்செலை 1 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர விட்டுவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. வெட்டுப்படங்களுக்கு இடையிலான தூரம், படத்துக்குள் இருக்கும் வாக்செல் அளவிலிருந்து வேறுபடுவதும் மருத்துவ ஸ்கேன்களில் வழக்கம். இதைக் கவனிக்காவிட்டால் மூளை ஒரு திசையில் நீண்டோ நசுங்கியோ வரும்.

இடவலம் மாறுவது இதைவிட மறைவான பொறி. வெட்டுப்படங்களைத் தலைகீழ் வரிசையில் ஏற்றினால் மண்டையோடு கண்ணாடி பிம்பமாகிவிடும், இடச் செவி வலச் செவியாகத் தோன்றும். எலும்பு பெரும்பாலும் சமச்சீராக இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் தெரியாது. மாதிரியின் புகைப்படத்தில் ஒரு பக்கம் மட்டும் உள்ள விரிசலையோ உடைவையோ தேடி, அது திரையிலும் அதே பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டு சோதனைகளுக்கும் கால் மணி நேரம்கூட ஆகாது.

6. மூளைக்குழியை வார்த்தல்

உயிருள்ள விலங்கின் எலும்பில், ஒரு குறிப்பிட்ட சாம்பல் அளவுக்கு மேற்பட்டதெல்லாம் எலும்பு என்று ஒரே எல்லை வைத்துப் பிரித்துவிடலாம். தொல்லுயிர் எச்சத்தில் அது நடக்காது. குழியை நிறைத்த பாறை சில இடங்களில் எலும்பைவிட ஒளிர்ந்தும், சில இடங்களில் மங்கியும் இருக்கும். எலும்பின் நடுப்பகுதியே கதிர் ஊடுருவல் குறைபாட்டால் இருண்டு தோன்றும். முழுமையான பாலூட்டி மண்டையோட்டில் ஒரு பொத்தானை அழுத்தியதும் உள்வார்ப்பைத் தரும் தானியங்கிக் கருவிகள் டைனோசாரிடம் விரிசல்கள் வழியே வெளியே கசிந்துவிடும். கையால் வரைவதுதான் வழி என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் மண்டையோட்டைச் சுழற்றி, வெட்டுத் தளம் மூளையின் நீள அச்சுக்குச் செங்குத்தாக இருக்குமாறு அமையுங்கள். பின்புறத்தில் தண்டுவடம் நுழையும் பெருந்துளையில் தொடங்குங்கள், அங்கே எலும்பு முழு வளையமாக இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. முன்னோக்கி வரும்போது ஐந்து முதல் பத்து வெட்டுப்படங்களுக்கு ஒன்றாகக் குழியின் விளிம்பை வரைந்து, இடைப்பட்டவற்றை மென்பொருள் நிரப்பட்டும். பிறகு மற்ற இரு தளங்களிலும் பார்த்துத் திருத்துங்கள். ஒரே தளத்தில் மட்டும் வரைந்த உள்வார்ப்பு படிக்கட்டுபோல வரி வரியாக இருக்கும், அதை வழவழப்பாக்கும் கருவியால் மறைக்க நினைப்பது அளவுகளைக் கெடுக்கும்.

இப்போது ஐயமான விளிம்புகளுக்கு வருவோம். மூளையின் முன்முனையில் உள்ள, மோப்பத்தைக் கையாளும் நுகர்ச்சிக் குமிழ்கள் இதில் முதன்மையானவை. அவற்றின் மேற்கூரையில் எலும்பு இருக்கும், பல மாதிரிகளில் முன்புறமும் அடிப்புறமும் திறந்தே இருக்கும். குமிழ் எங்கே முடிந்து மூக்குக் குழி எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டச் சுவர் இல்லை. 'சூ'வின் முதல் கணினி உள்வார்ப்பு 2000ஆம் ஆண்டில் வெளியானபோது நுகர்ச்சிக் குமிழ்கள் மிகப் பெரியவையாகக் காட்டப்பட்டன. 2009இல் ஆய்வாளர்கள் லாரன்ஸ் விட்மரும் ரயன் ரிட்ஜ்லியும் பல டைரனோசார் மாதிரிகளை ஒப்பிட்டு, அந்தப் பெரிய அளவில் ஒரு பங்கு மூக்குக் குழியின் நுகர்ச்சிப் பகுதிக்கு உரியது என்று காட்டினார்கள். திருத்திய பிறகும் டைரனோசாரஸின் குமிழ்கள் பெரியவைதான். ஆனால் எலும்பு இல்லாத ஓர் எல்லையை எங்கே வரைகிறோம் என்பதில் விலங்கின் மோப்பத் திறனே கூடிக் குறைகிறது. எனவே இந்த முன் எல்லையைத் தனி நிறத்தில், தனிச் செக்மென்ட்டாக (மென்பொருளில் தனியாகப் பிரித்துக் குறித்த பகுதியாக) வையுங்கள்.

பின்மூளைக்கு மேலே கூம்புபோல் எழும் மேடு இன்னொரு பொறி. அதைச் சிறுமூளை என்று பெயரிடத் தோன்றும். டைரனோசாரஸில் அந்த மேடு பெரும்பாலும் மூளை உறைக்கும் சிரைக் குடாவுக்கும் இடம் கொடுத்த பகுதி. பார்வைக் கதுப்புகளும் இதே காரணத்தால் பெரிய தெரோபாட்களின் (இரு காலில் நடந்த, பெரும்பாலும் ஊனுண்ணிகளான டைனோசார்களின்) உள்வார்ப்பில் தெளிவாகத் தெரிவதில்லை. குழியின் சுவரில் இரத்தக் குழாய்களின் தடம் நுண்ணிய வரிகளாகப் பதிந்திருந்தால் அங்கே மூளை சுவரை நெருங்கியிருந்தது என்று கொள்ளலாம், அத்தகைய தடங்கள் கண்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தடம் இல்லாத வழுவழுப்பான பகுதியில் மூளையின் உட்பிரிவுகளுக்குக் கோடு போடாதீர்கள்.

புதியவர் ஒருவருக்கு மூளைக்குழி மட்டும் ஒரு மாதம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரைந்தால் கண் சோர்ந்து, விளிம்பு இருக்கும் இடம் போய் விளிம்பு இருக்க வேண்டும் என்று தோன்றும் இடத்தில் கோடு விழத் தொடங்கும்.

7. நரம்புத் துளைகளும் காற்றறைகளும்

கபால நரம்புகளை அவை வெளியேறும் துளைகளைக் கொண்டு அடையாளம் காண்கிறோம். ஐந்தாம் நரம்பின் பெருந்துளையில் தொடங்குவது எளிது, பக்கச் சுவரில் அதுவே பெரியது. டைரனோசார்களில் அதன் கண்கிளை மற்றக் கிளைகளிலிருந்து பிரிந்து தனித் துளை வழியே வெளியேறும். அதற்குச் சற்றுப் பின்னால் ஏழாம் நரம்பின் சிறு துளை இருக்கும். எட்டாம் நரம்பு வெளியே வராமல் உட்செவிக்குள் நுழைந்துவிடும். பன்னிரண்டாம் நரம்பு பெருந்துளைக்கு அருகில் ஒன்றோ இரண்டோ துளைகளாகத் தெரியும். ஒவ்வொரு துளையையும் உள்ளிருந்து வெளிப்புறம் வரை தொடர்ந்து போய்ப் பாருங்கள். பாதியில் முடிந்துவிடும் துளை பெரும்பாலும் இரத்தக் குழாய்க்கோ விரிசலுக்கோ உரியது.

டைரனோசார் மூளைப்பெட்டியில் நரம்புகளைவிட அதிகமாகக் குழப்புபவை காற்றறைகள். நடுச்செவியிலிருந்து கிளம்பிய காற்றுப் பைகள் மூளையைச் சூழ்ந்த எலும்புகளைக் குடைந்து பெரிய வெற்றிடங்களை உண்டாக்கியிருக்கும். மூளைக்குழிக்கும் காற்றறைக்கும் நடுவே மெல்லிய எலும்புத் தகடு மட்டுமே இருக்கும், அது உடைந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். மூளைக்குழியை முடிக்கும் முன்பே காற்றறைகளை வேறு நிறத்தில் நிரப்பிவிட்டால் இக்கலப்பு நேராது.

8. உட்செவி

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான், மூளைக்குழியைவிட நிறைவளிப்பதும் இதுதான். ஏனெனில் உட்செவியைச் சுற்றி எலும்பு இறுக்கமாக மூடியிருக்கும், ஊகிக்க வேண்டிய விளிம்புகள் குறைவு. மூளைக்குழியின் பக்கச் சுவரில் சிறுமூளையின் ஃப்ளாக்குலஸ் என்னும் கதுப்பு நுழைந்த பள்ளத்தைத் தேடுங்கள். அந்தப் பள்ளம் முன் அரைவட்டக் குழலின் வளையத்துக்கு நடுவே செல்லும் என்பதால், பள்ளம் கிடைத்துவிட்டால் குழலும் கிடைத்துவிடும்.

முன் குழலைப் பின்தொடர்ந்து மேலேறி, அது பின் குழலோடு சேரும் பொதுத்தண்டை அடையுங்கள். அங்கிருந்து பின் குழல் வழியே இறங்குங்கள். பக்கவாட்டுக் குழலைக் கடைசியில் எடுங்கள், பெரும்பாலும் அதுவே மெல்லியது, சில வெட்டுப்படங்களில் மறைந்து மறைந்து தோன்றும். குழலின் அச்சுக்குச் செங்குத்தாக வெட்டுத் தளத்தைச் சாய்த்துக்கொண்டே சென்றால், குழல் எப்போதும் சிறு வட்டமாகத் தெரியும். சாய்க்காமல் வரைந்தால் வளைவுகளில் குழல் தட்டையாகிப் பெருத்துவிடும். ஒலியை உணரும், கீழ்நோக்கி இறங்கும் காக்ளியக் குழலின் நுனியையும், நடுச்செவி எலும்பின் அடித்தட்டு பொருந்தும் நீள்வட்டத் துளையையும் தவறாமல் குறியுங்கள், செவித்திறன் அளவுகள் எல்லாம் இவ்விரண்டையும் நம்பியே இருக்கின்றன.

இரு பக்கச் செவிகளையும் செய்யுங்கள். பாறை அழுத்தத்தால் மண்டையோடு திருகியிருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு வரும், அந்த வேறுபாடே எச்சம் எவ்வளவு உருக்குலைந்திருக்கிறது என்பதற்கான அளவு. ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருந்தால் அதைக் கண்ணாடி பிம்பமாக்கி மறுபக்கம் வைக்கலாம், படவிளக்கத்தில் அப்படியே எழுதிவிடுங்கள். ஒரு செவிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பிறகு இரண்டு வாரம் இடைவெளி விட்டு, முதலில் செய்ததைப் பார்க்காமல் அதே செவியை மறுபடி செய்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் பிழை அளவாகப் பதிவு செய்யுங்கள்.

9. அளத்தல்

வழவழப்பாக்கும் முன்பே கனஅளவை எடுங்கள். சாதாரண வழவழப்பாக்கும் முறைகள் உருவத்தைச் சுருக்கும், மெல்லிய அரைவட்டக் குழல்களில் இச்சுருக்கம் பெரிய விழுக்காடாகிவிடும். படத்துக்காக வழவழப்பாக்குவதானால் மெஷ்லேப்பில் உள்ள டாபின் முறை கனஅளவைப் பெருமளவு காப்பாற்றும். நரம்புத் தண்டுகளையும் பிட்யூட்டரிக் குழியையும் சேர்த்து அளந்தீர்களா, நீக்கி அளந்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

உங்கள் கை எவ்வளவு நம்பத்தக்கது என்பதைச் சோதிக்க, ஏற்கெனவே வெளியான அளவுகள் உதவும். டைரனோசாரஸ் உள்வார்ப்புகளுக்கு 2013இல் வெளியான கனஅளவுகள், நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 5117ஆம் மாதிரிக்கு ஏறத்தாழ 314 மில்லிலிட்டர், 5029ஆம் மாதிரிக்கு 382, 'சூ'வுக்கு 414. இவை குழியின் அளவுகள், மூளையின் அளவுகளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே ஆய்வு அலிகேட்டர்களை அடிப்படையாகக் கொண்டு மூளை குழியில் 37 விழுக்காடு அல்லது 50 விழுக்காடு நிறைத்திருக்கலாம் என்று இரு கணக்குகளைத் தந்தது. 'சூ'வுக்கு அது 153 முதல் 207 மில்லிலிட்டர் வரை வருகிறது. நீங்களும் ஒற்றை எண் தராமல் இப்படி ஒரு வரம்பாகவே தாருங்கள்.

உடல் எடையோடு ஒப்பிடும் மூளைக் குறியீட்டைத் தொடக்கநிலையில் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரே டைரனோசாரஸின் எடையே ஆய்வுக்கு ஆய்வு டன் கணக்கில் வேறுபடுகிறது, மூளையின் பங்கும் நிச்சயமில்லை. நிச்சயமற்ற ஒன்றை நிச்சயமற்ற மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் எண்ணுக்குத் தசமப் புள்ளி போடுவதில் பயனில்லை.

10. எண்களிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

செவித்திறனைப் பற்றி ஓரளவு துணிந்து பேசலாம். காக்ளியக் குழலின் நீளத்தை மண்டையோட்டு அடிப்பகுதியின் நீளத்தால் வகுத்துக் கேட்கும் அதிர்வெண் வரம்பை மதிப்பிடும் முறை, உயிருள்ள ஊர்வன, பறவைகளின் செவிகளைக் கொண்டு 2009இல் உருவாக்கப்பட்டது. ஆனால் அடிப்படையாக அமைந்த விலங்குகள் எல்லாம் டைரனோசாரஸைவிட மிகச் சிறியவை என்பதை உடன் எழுத வேண்டும். டைரனோசாரஸின் காக்ளியக் குழல் நீளமானது. தாழ்ந்த ஒலிகளை அது நன்கு கேட்டது என்ற விட்மர், ரிட்ஜ்லியின் முடிவு இதைச் சார்ந்தது.

அரைவட்டக் குழல்களின் நீளம் தலையையும் கண்ணையும் விரைந்து திருப்பும் திறனோடு தொடர்புபடுத்தப்படுகிறது. டைரனோசாரஸின் நீண்ட குழல்கள் இப்படித்தான் விளக்கப்பட்டன. மடகாஸ்கரின் மஜுங்காசாரஸில் பக்கவாட்டுக் குழல் குட்டையாக இருப்பதால், அது தலையைப் பக்கவாட்டில் அதிகம் விரைந்து திருப்பவில்லை என்று 2007இல் எழுதினார்கள். இவ்வகை ஒப்பீட்டை நீங்கள் செய்யும்போது, குழலின் வடிவம் அதைச் சுற்றியுள்ள மூளைப்பெட்டியின் வடிவத்துக்கும் கட்டுப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஃப்ளாக்குலஸ் பள்ளத்தின் அளவைக் கொண்டு விலங்கின் சுறுசுறுப்பை ஊகிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அப்பள்ளத்தின் அளவு வாழ்க்கை முறையைக் காட்ட நம்பத்தக்க சான்று இல்லை என்று 2017இல் முதுகெலும்பிகள் பலவற்றை ஒப்பிட்ட ஆய்வு காட்டிவிட்டது.

தலை நிற்கும் கோணம் அடுத்த சறுக்கல். பக்கவாட்டுக் குழலைக் கிடைமட்டமாக வைத்தால் தலை இயல்பாக நின்ற நிலை தெரியும் என்ற எண்ணத்தில், அக்ரோகாந்தோசாரஸ் மூக்கை ஏறக்குறைய 25 பாகை தாழ்த்தி வைத்திருந்தது என்று 2005இல் கணக்கிட்டார்கள். இன்றைய பறவைகளிலேயே இந்தக் குழல் கிடைமட்டத்திலிருந்து பலவாறு விலகுவதால், உங்கள் கோணத்தை ஒரு சாத்தியமாக மட்டும் முன்வையுங்கள்.

அறிவுத்திறன் பற்றி எதுவும் எழுதாமல் இருப்பதே முறை. 2023இல் நரம்பியல் ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹௌசல், டைரனோசாரஸின் முன்மூளையில் முந்நூறு கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருந்தன, அது பபூன் குரங்குக்கு நிகர் என்று கணக்கிட்டார். 2024இல் வேறொரு குழு குழியில் மூளை பிடித்த பங்கையும் ஒப்பீட்டு விலங்குகளையும் மறுபரிசீலனை செய்து, எண்ணிக்கை கணிசமாகக் குறைவு என்றும், நரம்பணு எண்ணிக்கையைக் கொண்டு அறிவை அளப்பதே பிழையானது என்றும் காட்டியது. கணக்கு இவ்வளவு மாறியதற்குப் பெரிய காரணம், நீங்கள் ஆறாம் படியில் சந்தித்த அதே கேள்வி: குழியில் எவ்வளவு மூளை?

11. ஒப்படைத்தல்

முடித்த வேலையில் ஐந்து பொருள்கள் இருக்க வேண்டும்: வழவழப்பாக்காத உருவம், படத்துக்காக வழவழப்பாக்கிய உருவம், செக்மென்ட் கோப்பு, அளவுகளின் அட்டவணை, விளிம்புக் குறிப்பேடு. உருவங்களை எஸ்.டி.எல். அல்லது பி.எல்.ஒய். என்னும் முப்பரிமாணக் கோப்பு வடிவில் சேமிக்கும்போது அலகு மில்லிமீட்டர் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள், ஏனெனில் எஸ்.டி.எல். கோப்பு அலகைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. மாதிரி எண், பக்கம், மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவையும் பெயரில் இருக்கட்டும்.

மூலத் தரவின் உரிமம் அனுமதித்தால் இவற்றை மார்ஃபோசோர்ஸிலேயே, நீங்கள் பயன்படுத்திய ஸ்கேனோடு இணைத்துப் பதிவேற்றலாம். அனுமதி தெளிவாக இல்லை என்றால் தரவுக்குப் பொறுப்பானவருக்கு முதலில் எழுதிக் கேளுங்கள், பதில் வரும் வரை பதிவேற்றத்தை மறைநிலையில் வையுங்கள். அருங்காட்சியகத்துக்கு ஒரு படியை அனுப்பும்போது விளிம்புக் குறிப்பேட்டையும் சேர்த்தே அனுப்புங்கள், அடுத்து அந்த மூளைப்பெட்டியைத் திறப்பவர் நுகர்ச்சிக் குமிழின் முன் எல்லையை வேறு இடத்தில் வரைய விரும்பினால் நீங்கள் வரைந்த இடம் எது, ஏன் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.